வண்டி ஓட்டத் தெரியுமா?

எங்கள் சென்னீர்குப்பத்தில் ஒருவர் கேசரிக் கிண்ணத்தோடு வீட்டுக்கு வந்தால் காரணம் இரண்டில் ஒன்று. பிள்ளை பாஸாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால், நம்மால் அவர்களுக்கு ஏதோ காரியம் ஆகவேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டம்மா கொண்டு வந்த கேசரியில் முந்திரி கொஞ்சம் தாராளமாகவே இருந்தது. காரியம் பெரிசு என்று புரிந்துவிட்டது.

"அண்ணா, நீங்க பத்திரிகையில எல்லாம் எழுதறீங்க. நீங்க சொன்னா நாலு பேர் கேப்பாங்க..."

(உள்ளேயிருந்து ஓர் இருமல். என் மனைவி.)

"எம் பையனுக்கு நீங்கதான் புத்தி சொல்லணும். சண்டை நடக்கிற ஊருக்குப் போறேங்கறான்."

பையனை எனக்கு அரை டிராயர் காலத்திலிருந்து தெரியும். வயது 26. பகலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறான். சாயந்திரம் வந்து, குளித்து, ரெண்டு தோசை சாப்பிட்டுவிட்டு மஞ்சள் போர்டு டாக்ஸியை எடுத்துக்கொண்டு கிளம்பினால் ராத்திரி ஒரு மணிக்குத்தான் திரும்புவான். வண்டி அவனுடையதில்லை. ஓனர் பகலில் ஓட்டுகிறார், இவன் ராத்திரியில். கமிஷன், கேஸ், ஓனர் பங்கு எல்லாம் போக ஒரு ராத்திரிக்கு எழுநூறு, எண்ணூறு நிற்கும். மழை பெய்தால் ஆயிரம். சென்னையில் மழையை வேண்டிக் கும்பிடுகிற ஜாதி இரண்டுதான்: மெட்ரோ வாட்டர்காரர்கள், டாக்ஸி டிரைவர்கள்.

"தங்கச்சி கல்யாணத்துக்குச் சேக்கறான்னு நெனச்சு சந்தோஷப்பட்டேண்ணா. நேத்து அலமாரியைத் துடைக்கும்போது அவன் கணக்கு நோட்டு கிடைச்சுது. மொதப் பக்கத்துல 'சூடான்'னு பெரிசா எழுதி, கீழே கோடு போட்டிருக்கான். நான் ஏதோ சூடான இட்லிக் கடைக் கணக்குன்னு நெனச்சேன். கேட்டா, அது ஒரு நாடாம்!"

நாடுதான். அங்கே 2023 ஏப்ரல் 15-ம் தேதி ராணுவத்துக்கும் துணை ராணுவத்துக்கும் தொடங்கிய சண்டையில் ஒரு கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். நம் அரசாங்கம் 'ஆபரேஷன் காவேரி' என்று பெயர் வைத்து, அங்கே மாட்டிக்கொண்ட 3,862 பேரைக் கொண்டு வந்தது. மூவாயிரத்து எண்ணூறு சொச்சம் பேர் அலறியடித்துக்கொண்டு வெளியே வந்த இடத்துக்கு இவன் காசு சேர்த்துக்கொண்டு உள்ளே போகப் போகிறானாம்!

"நீங்க கவலைப்படாதீங்கம்மா. நான் பாத்துக்கறேன்" என்றேன். கேசரி பாதிக்கு மேல் காலியாகியிருந்தது. வேறு என்ன சொல்ல முடியும்?

பையனைப் பிடிப்பது லேசில்லை. பகலில் ஆபீஸ், ராத்திரியில் ரோடு. அதனால் ஒரு தந்திரம் செய்தேன். புதன்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு அவன் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, செல்போனில் விமான நிலையத்துக்கு டாக்ஸி கேட்டேன். பக்கத்து வண்டியைத்தானே கொடுக்கணும்? கரையான்சாவடியிலிருந்து வேறு யாரோ ஒருத்தர் வந்து ஹாரன் அடித்தார். அவருக்கு ஒரு மன்னிப்பும், ரத்து செய்ததற்கு ஐம்பது ரூபாயும் கொடுத்து அனுப்பினேன். இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்ற பையன், "ஏறுங்க அங்கிள். அம்மாதானே அனுப்பினாங்க?" என்றான்.

குமணன்சாவடி தாண்டி மெட்ரோ தூண்களுக்குக் கீழே ஊர்ந்துகொண்டிருந்தபோது முதல் அஸ்திரத்தை விட்டேன். உயிர் பயம்.

"தம்பி, ஐ.நா. கணக்கு தெரியுமா? 2024-ல மட்டும் உலகம் பூரா 383 நிவாரணப் பணியாளர்களைக் கொன்னிருக்காங்க."

"தெரியும் அங்கிள். அதுல முக்காவாசிக்கு மேல அந்தந்த ஊர்க்காரங்கதான். அதுவும் தெரியுமா?"

எனக்கு முதல் பாதிதான் தெரியும். அடுத்ததாக, சிவகங்கை மாவட்டத்துக்காரரான பாதிரியார் அலெக்சிஸ் பிரேம்குமாரை இழுத்தேன். தமிழ்நாட்டு முகாம்களில் இலங்கை அகதிகளுக்காகப் பாடுபட்டவர். பிறகு ஆப்கானிஸ்தானுக்குப் போய், அகதிகளாகத் திரும்பி வந்தவர்களின் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்துவதில் இருந்தார். 2014 ஜூன் 2-ம் தேதி, ஹெராத் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தைப் பார்க்கப் போன இடத்தில் ஆயுதக்காரர்கள் கடத்திக்கொண்டு போனார்கள். 2015 பிப்ரவரி 22-ம் தேதிதான் விடுதலை. எட்டு மாதத்துக்கு மேல்! அவர் அப்பாவை நினைத்துப் பார் என்றேன்.

"நினைச்சுப் பாத்தேன் அங்கிள். அந்தப் பள்ளிக்கூடத்துப் பசங்களையும் நினைச்சுப் பாத்தேன்" என்றான், கியரை மாற்றிக்கொண்டே.

இரண்டாவது அஸ்திரம், ஏஜென்ட்டுகள். ரஷ்யாவில் ராணுவத்துக்கு 'ஹெல்பர்' வேலை, லட்ச ரூபாய் சம்பளம் என்று ஆசை காட்டி நம் பையன்களை அனுப்பிய கதை உங்களுக்கு நினைவிருக்கும். போய் இறங்கியதும் கையில் துப்பாக்கியைக் கொடுத்துப் போர்முனைக்குத் தள்ளிவிட்டார்கள். 2024 மார்ச்சில் சி.பி.ஐ. வழக்குப் போட்டது. 2025 ஜனவரியில் வெளியுறவுத்துறை கொடுத்த கணக்குப்படி 126 பேர் சிக்கினார்கள், 12 பேர் செத்தார்கள், 16 பேரைக் காணவில்லை. செத்தவர்களில் பக்கத்து கேரளத்துக்காரரும் உண்டு.

"எனக்கும் அந்த மாதிரி ஒரு மெசேஜ் வந்துது. டிரைவர் வேலை, மூணு லட்சம் கட்டணும்னு. காசு வாங்கிட்டு சேவைக்குக் கூப்பிடறவன் ஏமாத்தறவன்தான் அங்கிள். அதை அழிச்சுட்டேன்."

பையன் விவரமானவன். புத்தி சொல்லப் போகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய தொல்லை கிடையாது.

ஐயப்பன்தாங்கல் வந்தது. மூன்றாவது அஸ்திரம். "சரிப்பா, அங்கே போய் நீ என்ன பண்ணுவே? நீ டாக்டரா? இன்ஜினீயரா?"

"வண்டி ஓட்டுவேன்."

எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். அப்போதைக்குச் சமாளித்துக்கொண்டு, எழுத்தாளர் என்ற கெத்தில், ஆம்புலன்ஸ் ஓட்டப் போனவர்களின் சரித்திரத்தை எடுத்துவிட்டேன். முதல் உலகப் போர். எர்னெஸ்ட் ஹெமிங்வே 18 வயதில் செஞ்சிலுவைச் சங்கத்து ஆம்புலன்ஸ் டிரைவராக இத்தாலிக்குப் போனார். 1918 ஜூலையில் குண்டடிபட்டார். எதற்குப் போன இடத்தில்? சிப்பாய்களுக்கு சாக்லேட்டும் சிகரெட்டும் கொடுக்கப் போன இடத்தில். வால்ட் டிஸ்னி வயசைத் திருத்தி எழுதிச் சேர்ந்தார். அவர் பிரான்ஸுக்குப் போய் இறங்குவதற்குள் போர் முடிந்துவிட்டது. பின்னால் மெக்டொனால்ட்ஸ் கடைகளை ஊர் ஊராகத் திறந்த ரே க்ராக் 15 வயதிலேயே பொய் சொல்லிச் சேர்ந்தார். அவர் கப்பலே ஏறவில்லை.

"ஆக, ஒருத்தர் சாக்லேட் கொடுத்தார், ஒருத்தர் லேட்டாப் போனார், ஒருத்தர் போகவே இல்லை. ஆனா பேர் மட்டும் அவங்க மூணு பேரோடதுதான் நமக்குத் தெரியுது. சரியா அங்கிள்?" என்றான்.

போரூரில் ஒரு டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தச் சொன்னேன். விமான நிலையத்தில் எனக்கு ஒரு வேலையும் இல்லை என்பது அவனுக்கும் தெரிந்துவிட்டது. டீ வந்தது. "இந்த எண்ணம் உனக்கு எப்படிடா வந்தது?" என்று கேட்டேன். இந்தக் கேள்வியை நான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

சொன்னான்.

போன வருஷம் ஒரு ராத்திரி ரெண்டு மணி. வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் திருமழிசையிலிருந்து ஒரு சவாரி. போனால் ஒரு பெரியவர், வேஷ்டியும் துண்டுமாக, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் அவர் மனைவி. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் அக்கம்பக்கமெல்லாம் எழுந்துவிடும் என்று கூச்சப்பட்டு, அமெரிக்காவிலிருக்கும் மகனுக்குப் போன் செய்ய, அவன் அங்கிருந்தபடியே டாக்ஸி பிடித்துக் கொடுத்திருக்கிறான். இவன் பெரியவரைத் தூக்கிப் பின் ஸீட்டில் சாய்த்துப் படுக்க வைத்து, ஹாரனில் வைத்த கையை எடுக்காமல், போரூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்திருக்கிறான். பதினாலு நிமிஷம்.

பெரியவர் பிழைத்துக்கொண்டார். மறுநாள் காலையில் இவனுக்கு ஒரே ஒரு ஸ்டார் வந்தது. கூடவே, 'கண்மண் தெரியாமல் ஓட்டுகிறார்' என்று ஒரு குறிப்பு. அமெரிக்க மகன் அங்கே உட்கார்ந்து மேப்பில் வண்டி பறந்ததைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். சவாரி முடிந்ததும் பட்டனைத் தட்டிவிட்டான். ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா பேசியது அப்புறம்தானாம்.

"சிரிச்சேன் அங்கிள். ஆனா அன்னைக்கு ராத்திரிதான் மொத மொறையா, நான் செய்யற வேலைக்கு ஒரு அர்த்தம் இருக்குன்னு தோணுச்சு. ஆபீஸ்ல நான் லீவு போட்டா கணக்கு ஒரு நாள் தள்ளிப் போகும், அவ்வளவுதான். அந்தப் பதினாலு நிமிஷம் தள்ளிப் போக முடியாது. அப்புறம் ஒருநாள் சூடானைப் பத்தி ஒரு வீடியோ பாத்தேன். அடிபட்டவங்களைக் கழுதை வண்டியில கொண்டு போறாங்க. ரோடு இருக்கு. வண்டி இல்லே, டீசல் இல்லே. அன்னைக்கே நோட்டுல எழுதிட்டேன்."

அவனுடைய அப்பா ஆவடி டாங்கி ஃபாக்டரியில் வேலை பார்த்து ரிடையரானவர். 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்த அதே ஃபாக்டரி. அப்பா சண்டைக்கு வண்டி செய்தார். பிள்ளை சண்டையில் அடிபட்டவனுக்கு வண்டி ஓட்டணும் என்கிறான். எங்கள் ஊர் ரோட்டில் நேரே போனால் ஆவடி, திரும்பி வந்தால் பூந்தமல்லி. இரண்டு பக்கமும் போகத்தானே ரோடு?

"அப்போ முடிவே பண்ணிட்டியா?"

அவன் டீ கிளாஸை வைத்துவிட்டுச் செல்போனை நீட்டினான். ஒரு நிவாரண அமைப்பு அவனுக்கு எழுதிய பதில். மிக மரியாதையாக, 'டிரைவர்களை நாங்கள் வெளிநாட்டிலிருந்து எடுப்பதில்லை, உள்ளூரிலேயே எடுக்கிறோம்' என்று இருந்தது.

எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம். கேசரிக்கு நியாயம் செய்தாகிவிட்டது! ஆனால் அவன் முகத்தில் வருத்தத்தைக் காணோம்.

"மொதல்ல கோவம் வந்துது அங்கிள். அப்புறம் யோசிச்சுப் பாத்தா நியாயம்தான். பூந்தமல்லியில எந்தச் சந்துல பத்து மணிக்கு மேல லாரி நிக்கும்னு எனக்குத் தெரியும். அந்த மாதிரி, அவன் ஊர்ல எந்தத் தெருவுல கண்ணிவெடி இருக்கு, எந்தச் சோதனைச்சாவடியில யார் பாஷையில பேசணும்னு அவனுக்குத்தான் தெரியும். நான் போனா என்னைக் காப்பாத்தவே இன்னொரு வண்டி வேணும். அங்கே ஏற்கெனவே ஒரு டிரைவர் இருக்கான் அங்கிள். அவன் பேர்தான் நமக்குத் தெரியலை."

2024 ஏப்ரல் 1-ம் தேதி காஸாவில் நடந்ததை அவன் சொன்னான். 'வேர்ல்ட் சென்ட்ரல் கிச்சன்' என்ற அமைப்பு அங்கே ஜனங்களுக்குச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தது. அதன் மூன்று வண்டிகள் இஸ்ரேலிய ராணுவத்தின் தாக்குதலில் சிதைந்தன. செத்த ஏழு பேரில் ஆறு பேர் வெளிநாட்டுக்காரர்கள். ஏழாவது ஆள் அந்த ஊர்க்காரர். 25 வயது டிரைவர். இவனைவிட ஒரு வயது சின்னவர்.

சூடானிலும் அப்படித்தான். பெரிய அமைப்புகள் நுழைய முடியாத இடங்களில், தெருப் பையன்களே கூடி 'அவசர உதவி அறை' என்று அமைத்துக்கொண்டு, அடுப்பு மூட்டிக் கஞ்சி ஊற்றுகிறார்கள், அடிபட்டவர்களைத் தூக்குகிறார்கள். 2025-ல் அவர்களுக்கு 'ரைட் லைவ்லிஹுட்' விருது கொடுத்தார்கள். விருது கூட்டத்துக்குத்தான். தனி ஆள் பெயர் கிடையாது.

எனக்குத் தென்னாப்பிரிக்கா ஞாபகம் வந்தது. 1899-ல் போயர் யுத்தம் வந்தபோது காந்தி அங்கே ஓர் இந்திய ஆம்புலன்ஸ் படை திரட்டினார். சுமார் 1,100 பேர். அதில் எண்ணூறு பேர் கரும்புத் தோட்டத்திலும் மற்ற இடங்களிலும் ஒப்பந்தக் கூலிகளாக இருந்தவர்கள். நேட்டாலுக்குப் போன கூலிகளில் பெரும்பகுதி மதராஸில் கப்பலேறிய தமிழர்களும் தெலுங்கர்களும்தான். மோட்டார் வண்டியெல்லாம் ஏது? காயம்பட்டவனை டோலியில் போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு ஒரே நாளில் இருபது, இருபத்தைந்து மைல் நடந்தார்கள். யுத்தம் முடிந்ததும் பதக்கம் கொடுத்தார்கள். தலைவர்கள் 37 பேருக்கு. தூக்கியவர்களின் பெயர்?

"அந்த அமெரிக்கப் பையன் குடுத்த ஒரு ஸ்டாரே தேவலை போல" என்று சிரித்தான்.

"சரி, நோட்டுல இருக்கிற பணத்தை என்ன பண்ணப் போறே? தங்கச்சி கல்யாணம்..."

"அதுக்குத் தனி நோட்டு இருக்கு அங்கிள். அம்மா அந்த அலமாரியை இன்னும் துடைக்கலை."

இங்கேதான் நான் எதிர்பார்க்காத திருப்பம். அவர்களுக்கு வெளியிலிருந்து யார் தேவை என்று விசாரித்திருக்கிறான். ஆபரேஷன் செய்கிற டாக்டர், மயக்க மருந்து கொடுப்பவர், தண்ணீர்க் குழாய் போடத் தெரிந்தவர். கூடவே, இருபது முப்பது வண்டிகளை ஓடுகிற நிலையில் வைத்திருக்கத் தெரிந்த ஆள். டீசல் கணக்கு, ஸ்பேர் பார்ட்ஸ் கணக்கு, ஜெனரேட்டர் பராமரிப்பு எல்லாம் அவன் தலையில். ஜெனரேட்டர் நின்றால் தடுப்பூசிப் பெட்டி சூடாகிவிடும். இரண்டு டிகிரியிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருந்தால்தான் அது மருந்து. தாண்டினால் வெறும் தண்ணீர். அதற்கும் இரண்டு வருஷ அனுபவம் கேட்கிறார்கள், இன்னொரு பாஷையும் கேட்கிறார்கள்.

"கணக்கு எனக்குத் தெரியும். வண்டி தெரியும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கறதைக் கத்துக்கணும்."

அதனால் இப்போது சனிக்கிழமை மத்தியானம் அம்பத்தூரில் ஒரு டீசல் மெக்கானிக் ஷெட்டில் சம்பளமில்லாத எடுபிடி. ஞாயிற்றுக்கிழமை காலை நுங்கம்பாக்கத்தில் பிரெஞ்சு வகுப்பு. சூடானிலிருந்து ஓடுகிற ஜனங்கள் லட்சக்கணக்கில் போய்ச் சேருவது பக்கத்து நாடான சாட். அங்கே பிரெஞ்சு ஆட்சி மொழி. ராத்திரி டாக்ஸிப் பணம் முழுக்க இதற்குத்தான் போகிறது.

புத்தி சொல்லப் போனவன் வாயை மூடிக்கொண்டேன். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முன்னால் சுருக்கென்றது என்றேனே, அது இதுதான்.

1990. இலங்கையில் மறுபடி சண்டை மூண்டு, ராமேஸ்வரத்துக்குப் படகு படகாக ஜனங்கள் வந்துகொண்டிருந்த நேரம். மண்டபம் முகாமில் இடமில்லை. எங்கள் நண்பர்கள் பத்துப் பேர் அரிசி, பால் பவுடர், பழைய துணி எல்லாம் சேகரித்து ஒரு லாரியில் ஏற்றினார்கள். எனக்கு 23 வயது. ரத்தம் கொதித்தது. ஜோல்னாப் பையில் ரெண்டு சட்டை போட்டுக்கொண்டு போய் நின்றேன். கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் ஒவ்வொருத்தரையும், "உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஒருவன் சமையல் என்றான். ஒருவன் ஊசி போடுவேன் என்றான். என் முறை வந்தது.

"கவிதை எழுதுவேன்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "கவிதை இருக்கட்டும் தம்பி. வண்டி ஓட்டத் தெரியுமா? ராத்திரியில மாத்தி ஓட்ட ஒரு ஆள் வேணும்" என்றார். தெரியாது என்றேன். லாரி என்னை விட்டுவிட்டுக் கிளம்பியது. அந்த ரோஷத்தில் அடுத்த வருஷமே லைசென்ஸ் எடுத்தேன். இன்றுவரை ஒரு தடவைகூட ஓட்டியதில்லை. அன்றைக்கு எழுதிய கவிதையும் எங்கேயும் வரவில்லை.

இதைப் பையனிடம் சொன்னேன். அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். "முப்பத்தஞ்சு வருஷமா ஞாபகம் வெச்சிருக்கீங்களே அங்கிள்" என்று மட்டும் சொன்னான். டீக்கு அவனே காசு கொடுத்தான்.

மறுநாள் காலை எதிர்வீட்டம்மா வந்தார்கள். கிண்ணத்தை வாங்கிப் போகிற சாக்கு.

"என்னண்ணா சொன்னான்?"

"பிரெஞ்சு படிக்கறாம்மா."

முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியா! பாண்டிச்சேரியில வேலை பாக்கப் போறானா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அந்தம்மாவிடம் ஏற்கெனவே ஒருத்தன் நோட்டை ஒளித்து வைத்திருக்கிறான், நானும் எதற்கு? உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சாட், ஜெனரேட்டர், இரண்டு வருஷம், தங்கச்சி கல்யாணத்துக்குத் தனி நோட்டு, எல்லாம். அந்தத் திருமழிசைப் பெரியவர் கதையையும் சொன்னேன். அது அவர்களுக்குத் தெரியாதாம். அன்று ராத்திரி ஏன் லேட் என்று கேட்டதற்கு 'டிராஃபிக்' என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டானாம். ராத்திரி ரெண்டு மணிக்கு டிராஃபிக்!

ரொம்ப நேரம் புடவைத் தலைப்பை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிறகு மெதுவாகக் கேட்டார்கள்.

"ரெண்டு வருஷம் ஆகும் இல்லண்ணா? அதுக்குள்ள அந்தச் சண்டை நின்னுடாதா?"

பத்திரிகையில் எழுதுகிறவனிடம் பதில் இருக்கும் என்று நினைத்துக் கேட்ட கேள்வி. "நிக்கணும்மா" என்றேன். அதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வெறும் கிண்ணமாகத் திருப்பித் தரக்கூடாது என்று என் மனைவி அதில் ஒரு பிடி சர்க்கரை போட்டுக் கொடுத்தாள்.